திருகில் கட்டிய செவ்வந்தி

"மேடம், நான் தப்பான எடத்துல வந்து நிக்கேன்."

தனபாக்கியம் டீச்சர் இப்படிச் சொன்னபோது அவருடைய குரு இளவெயினி மேசைமேல் உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டு, கடலை மிட்டாய் கடித்துக்கொண்டிருந்தார்.

"எந்த இடத்துல நின்னா சரி?" என்றார் குரு.

"என் வயசுக்காரியெல்லாம் வீட்டுல சீரியல் பாக்கா. நான் இங்க சின்னப் பிள்ளையளோட போட்டி போட்டுக்கிட்டு மூச்சு வாங்குதேன்."

"சரியான இடம் எதுன்னு கேட்டேன்."



குரு மிட்டாயில் பாதியை உடைத்து நீட்டினார். அன்றைய உபதேசம் அவ்வளவுதான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் குருவுக்கு வயது குறைச்சல், சிஷ்யைக்கு அதிகம். குருவுக்கு முப்பது முடிந்து கொஞ்ச நாள்தான். சிஷ்யை சங்கரன்கோவிலில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூவுக்கு இயற்பியல் நடத்தியவர். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு, இந்த மலை ஆய்வுக்கூடத்துக்கு ஆராய்ச்சி மாணவியாக வந்து சேர்ந்தார். மலையில் எல்லாரும் அவரை டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். குருவும் அப்படித்தான். டீச்சரோ குருவை மேடம் என்பார். சிரிப்பதானால் இப்போதே சிரித்துவிடுங்கள்.

டீச்சர் ஏன் வந்தார்?

வகுப்பில் வருஷம் தவறாமல் ஏதாவது ஒரு பிள்ளை எழுந்து கேட்கும். "டீச்சர், நட்சத்திரம், சூரியன், நாம எல்லாம் சேந்தாலும் உலகத்துல கொஞ்சந்தானாம்லா? மிச்சம் என்னது?"

டீச்சரும் வருஷம் தவறாமல் சொல்வார். "தெரியாது. உக்காரு."

தெரியாது என்பதில் அவருக்கு வெட்கமில்லை. அந்த "உக்காரு"தான் தொண்டையில் முள்ளாகக் குத்தியது. ஒருநாள் வீட்டுக்காரரிடம் சொன்னார். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "நீ போயிட்டு வா. ரசம் வைக்க நான் படிச்சிக்கிடுதேன்" என்றார். தங்கமான மனுஷர். ரசம் இன்னும் சரியாக வரவில்லையாம், அது கிடக்கட்டும்.

மிச்சத்துக்கு அந்த மலையில் வைத்திருந்த பெயர் ஆக்ஸியான்.

யாரும் பார்த்ததில்லை. இருக்கலாம் என்று கணக்கு சொல்கிறது. இருந்தால் எங்கும் இருக்கிறது, உங்கள் மூக்குக்கும் இந்தத் தாளுக்கும் நடுவில்கூட. முட்டாது, மோதாது, வெளிச்சம் விடாது. பலமான காந்தத்துக்குள் வந்தால் மட்டும், எப்போதாவது, துளியூண்டு ரேடியோ முனகலாக மாறலாம்.

அதைக் கேட்பதற்காக ஒரு பெரிய காந்தம் வைத்திருந்தார்கள். காந்தத்தின் வயிற்றுக்குள் ஒரு செப்புக் குடம். குடத்துக்கு வெளியே ஒரு திருகு. திருகைத் திருப்பினால் குடத்தின் சுருதி மாறும், பழைய ரேடியோவில் ஸ்டேஷன் பிடிக்கிற மாதிரி. முனகலின் சுருதியும் குடத்தின் சுருதியும் ஒத்துப்போனால் காதில் விழும்.

எந்த ஸ்டேஷன் என்றுதான் யாருக்கும் தெரியாது.

ஆகவே வேலை இதுதான். ஒரு மயிரிழை திருப்பு. காத்திரு. கேள். "இல்லை" என்று சொல். மறுபடி ஒரு மயிரிழை திருப்பு.

வந்த புதிதில் டீச்சர் குருவிடம் கேட்டார். "இல்லை, இல்லைன்னு சொல்லுறதுக்கா மேடம் இம்புட்டுப் பெரிய காந்தம்?"

"இல்லைன்னு சொல்றது லேசுன்னு நினைச்சீங்களா?"

"அதுல என்ன கஷ்டம்?"

குரு எழுந்துபோய் இரண்டு காதிலும் விரலை வைத்து அடைத்துக்கொண்டு, "நீங்க ஒண்ணுமே பேசலையே டீச்சர்" என்றார்.

டீச்சருக்குப் புரிந்தது. மலையில் உப்புப் போடுகிற வழக்கம் எதற்கென்றும் அப்போது புரிந்தது.

வழக்கம் இது. ஒவ்வொரு மாணவருக்கும் சுருதியில் ஒரு நீளம் பிரித்துக் கொடுப்பார்கள். அந்த நீளத்தில் எங்கோ ஓரிடத்தில் குரு ஒரு பொய் முனகலை ஒளித்து வைப்பார். ஒரு சின்னப் பெட்டி, அதிலிருந்து குடத்துக்கு ஒரு மெல்லிய கம்பி. எங்கே வைத்தார் என்று அவருக்கு மட்டும் தெரியும். அந்தப் பொய்க்குப் பெயர் உப்பு. உப்பைக் கண்டுபிடிக்கிற காதுதான் நல்ல காது, அந்தக் காது 'இல்லை' என்று சொன்னால் இல்லைதான். உப்பைத் தவற விட்டவர் மற்ற இடங்களில் சொன்ன இல்லையையும் யாரும் சீந்த மாட்டார்கள். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே!

ஐப்பசி பிறந்ததும் குழு கூடும். கொடுத்த நீளத்தை முடித்து உப்பைக் காட்டியவர் மலையில் இருக்கலாம். காட்டாதவர் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

டீச்சருக்கு நீளம் பாதி மிச்சமிருந்தது. உப்பு இன்னும் கிடைக்கவில்லை. புரட்டாசி பிறந்துவிட்டது.

மனுஷி என்ன செய்வார்? ஓட ஆரம்பித்தார்.

உண்மையில் ஆடி மாசமே ஆரம்பித்துவிட்டார். ஓரிடத்தில் காத்திருக்கிற நேரத்தைப் பாதியாக்கினார், அப்புறம் கால்வாசியாக்கினார். திருகைத் திருப்பியதும் குடத்தின் சுருதி நிஜமாகவே மாறியதா என்று ஒவ்வொரு தடவையும் சோதிப்பார்கள். பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்பதில்லையா, அந்த மாதிரி. அதற்கும் பெயர் தட்டிப் பார்ப்பதுதான். டீச்சர் அதையும் நிறுத்தினார். திருப்பினால் திரும்பாமலா போகும்? 'பதறாத காரியம் சிதறாது' என்று பள்ளிக்கூடத்துப் பலகையில் கொட்டை எழுத்தில் எழுதிப்போட்டவர் சாட்சாத் இவர்தான்.

ஆயுத பூஜைக்கு முதல்நாள் குருவின் அறைக்கு மறுபடி வந்தார்.

"மேடம், நாளைக்கு எனக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு தாங்க. மெஷினை ஓட விடுதேன்."

"நாளைக்கு ஆயுதமெல்லாம் தூங்கணும் டீச்சர்."

"ஆக்ஸியான் தூங்குமா?"

"அது ஆடிட்டு இருக்கும்."

"பெறகு நான் மட்டும் எதுக்கு ஓயணும்?"

குரு மூலையில் கிடந்த சாக்கைக் கவிழ்த்தார். மஞ்சள் மஞ்சளாகச் செவ்வந்தி குவிந்தது. பக்கத்தில் ஒரு கட்டு வாழைநாரை எடுத்துப் போட்டார்.

"சரம் கட்டத் தெரியுமா?"

"நல்லாக் கேட்டீங்க போங்க. நான் கட்டுனா யானை இழுத்தாலும் அறாது."

"அப்படியா? அப்ப நெருக்கமாக் கட்டுங்க."

டீச்சர் கட்டினார். கை பூவைக் கட்டியது, மனசு வேறொன்றைக் கட்டியது. விளக்கு வைக்கிற நேரம், எல்லாரும் கோலமாவு கரைத்துக்கொண்டிருக்கும்போது, நைசாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒரு புரோகிராம் போட்டார். நாளை பூஜை முடிந்ததும் அது தானே திருகைத் திருப்பும், தானே கேட்கும், தானே எழுதி வைக்கும். மனுஷக் கை படாது. ஆயுதம் தூங்குகிற மாதிரியே இருக்கும்!

எழுந்து வரும்போது முகத்தில் திருட்டுச் சிரிப்பு. எதிரே வந்த குரு அதைப் பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் மலை அமர்க்களப்பட்டது.

காந்தத்துக்குச் சந்தனம், குங்குமம். கம்ப்யூட்டர்களுக்கு வரிசையாகப் பொட்டு. பாத்திரம் கழுவுகிற மெஷினுக்கும் ஒரு பொட்டு. அரிவாள், மண்வெட்டி, ஸ்பேனர் எல்லாம் தூரமாய்த் தனி மேசையில் இருந்தன. ஒரு வருஷம் தோட்டக்காரர் பக்தி முற்றி மண்வெட்டியைக் காந்தத்தின் காலடியில் வைக்கப் போக, காந்தம் அதை லபக்கென்று இழுத்துக்கொண்டது. "சாமியே ஏத்துக்கிட்டாரு" என்று அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதைப் பிடுங்கி எடுக்க ஒரு வாரமாயிற்று. அன்றிலிருந்து இரும்பெல்லாம் தனி மேசைக்குப் போயின.

தீபாராதனை முடிந்தது. குரு தட்டிலிருந்து ஒரு சரத்தை எடுத்துக்கொண்டு காந்தத்தின் பின்பக்கம் போனார். கொஞ்ச நேரம் கழித்து மஞ்சள் கையோடு திரும்பி வந்தார். டீச்சர் அதைக் கவனிக்கவில்லை. அவர் கண் கம்ப்யூட்டரின் பச்சை விளக்கிலேயே இருந்தது. விளக்கு மினுக்கியது. ஓடுகிறது, ஓடுகிறது.

அடுத்த கொட்டகையில் பாரம் தூக்குகிற கொக்கியில் கயிறு கட்டி, பலகை போட்டு, பிள்ளைகளுக்கு ஊஞ்சல் தொங்கவிட்டிருந்தார்கள். வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள் அத்தனையும் அங்கேதான். "நான்தான் மொதல்ல!" "போடீ, நான்!" ஆளுக்கொரு பக்கம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நெருக்கியதில் பலகை ஒரு பக்கமாகத் தூக்கிச் சாய்ந்து, கூட்டத்துக்கு நடுவில் சிக்கி நின்றது. ஒருத்தரும் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

குரு டீச்சரின் கையைப் பிடித்து அங்கே இழுத்துவந்தார்.

"அந்த ஊஞ்சலைப் பாருங்க."

"பாக்கேன்."

"ஏன் ஆடலை?"

"எங்கிட்டு ஆட? அசைய எடமில்லலா."

"பிரபஞ்சம் பிறந்த புதுசுல ஆக்ஸியானும் அப்படித்தான் நின்னுச்சு. அவ்வளவு நெருக்கடி. எல்லாம் விரிஞ்சு ஓடின ஓட்டத்துல அதுக்கு அசையவே நேரமில்லை."

"படிச்சிருக்கேன் மேடம். கணக்காவே போட்டிருக்கேன்." டீச்சரின் கால் அந்தப் பக்கம், கம்ப்யூட்டர் இருந்த பக்கம், நகர்ந்தது.

"பொரி கொடுக்கறாங்கடோய்!" என்று யாரோ கத்தினார்கள்.

பிள்ளைகள் கயிற்றை விட்டுவிட்டுச் சிட்டாய்ப் பறந்தன. கொட்டகை காலி. சாய்ந்து நின்ற பலகை விழுந்து எழுந்து ஆட ஆரம்பித்தது.

"யார் தள்ளினது?" என்றார் குரு.

"யாரும் தள்ளலியே."

"அப்புறம் எப்படி ஆடுது?"

"சாஞ்சு நின்னுச்சு. விட்டதும் ஆடுது."

"அந்த ஆட்டத்தைத்தான் டீச்சர் நாம தேடறோம். அன்னிக்கு ஆரம்பிச்சது இன்னிக்கும் நிக்கலை. நட்சத்திரக் கூட்டங்களையெல்லாம் சிதறாமப் பிடிச்சு வெச்சிருக்கறதே அதுதானோன்னு நம்ம சந்தேகம்."

டீச்சர் ஊஞ்சலைப் பார்த்தார். கணக்காகப் போட்டதுதான். கண்ணால் பார்த்தபோது வேறு மாதிரி இருந்தது.

"ஆதியில அதைச் சாச்சு வச்சது யாரு மேடம்?"

"தெரியாது. அது நின்ன இடம் அது."

"நடுவுல நேரா நின்னிருந்தா?"

"சரியான இடத்துலயா?" என்று கேட்டார் குரு.

"ஆமா..." என்று ஆரம்பித்த டீச்சர் இயற்பியல் வாத்தியாரம்மா அல்லவா, தானே முடித்தார். "நேரா நின்னிருந்தா ஆடியிருக்காது."

"பொரி தீர்ந்துடும்" என்று சொல்லிவிட்டுக் குரு பிள்ளைகளுக்குப் பின்னால் ஓடினார்.

டீச்சர் ஒரு நிமிஷம் நின்று யோசித்திருக்கலாம். ஆனால் பச்சை விளக்கு கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

சாயங்காலம் எல்லாரும் சுண்டலும் பேச்சுமாய் உட்கார்ந்தபோது நழுவிப் போனார்.

கம்ப்யூட்டர் நல்ல பிள்ளையாக நாள் முழுக்க வேலை பார்த்திருந்தது. மிச்சமிருந்ததில் பெரும்பகுதி முடிந்தது என்று திரை சொன்னது. சங்கரன்கோவில் கோமதி தாயே, காப்பாத்திட்டே!

முதல் வரைபடத்தைத் திறந்தார். வெறும் இரைச்சல், நடுவில் ஈர்க்குச்சி நுனி மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருந்த மாதிரி ஒரு சந்தேகம். அடுத்ததைத் திறந்தார். அதே இடத்தில் அதே ஈர்க்குச்சி. அதற்கடுத்ததிலும்.

"இதென்ன கூத்து, எல்லா ஸ்டேஷன்லயும் ஒரே பாட்டா?"

நாற்காலியைத் தள்ளிவிட்டுக் காந்தத்தின் பின்பக்கம் போனார்.

திருகைச் சுற்றிச் செவ்வந்திச் சரம். ஒரு சுற்று, இரண்டு சுற்று இல்லை. திருகையும் அதன் சட்டத்தையும் சேர்த்து இறுக்கிக் கட்டியிருந்தது. திருகைத் திருப்புகிற குட்டி மோட்டார் 'டிக்' என்று முக்கிப் பார்த்தது. வாழைநார் அசையவில்லை. யானை இழுத்தாலும் அறாத கட்டு!

கம்ப்யூட்டர் ஊரெல்லாம் சுற்றியதாக எழுதி வைத்திருக்கிறது. திருகு இருந்த இடத்தை விட்டு இம்மி நகரவில்லை.

ஒரு நாள் முழுக்க வீண்! டீச்சருக்கு வந்த ஆத்திரத்தில் சரத்தைப் பிய்த்து எறியக் கையை நீட்டினார்.

நீட்டிய கை நின்றது.

திருகு நகரவில்லை என்றால் அத்தனை வரைபடமும் ஒரே இடத்தில் எடுத்தது. எல்லாவற்றிலும் அதே ஈர்க்குச்சி.

ஓட்டமாய் ஓடிவந்து எல்லாவற்றையும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கூட்டினார். இரைச்சல் இரைச்சலோடு மோதி அடங்கியது. நடுவில் ஈர்க்குச்சி விரலாயிற்று. விரல் கையாயிற்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு மலை எழுந்து நின்றது.

டீச்சருக்கு வியர்த்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அழுகையும் வந்தது, அதையும் அடக்கவில்லை.

பிறகு, மாதக்கணக்கில் செய்யாத ஒன்றைச் செய்தார். குடத்தைத் தட்டிப் பார்த்தார். எந்தச் சுருதி என்று திரை பதில் சொன்னது.

அதைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

குரு ஊஞ்சல் கொட்டகையில் தனியாக நின்று, இலைத் தொன்னையில் சுண்டல் தின்றுகொண்டிருந்தார். பிள்ளைகள் சாப்பிடப் போயிருந்தன.

"பூவை யாரு கட்டுனது?" என்றார் டீச்சர்.

குரு சுண்டல் கையைத் தூக்கினார்.

"என்னத்துக்கு மேடம்?"

"நீங்க புரோகிராம் போட்டு வைப்பீங்கன்னு தெரியும். ஆயுதம் தானாத் தூங்கலைன்னா தூங்க வைக்கணுமில்ல?"

டீச்சரால் முறைக்கவும் முடியவில்லை. "ஒரு மலை எழும்பியிருக்கு" என்றார்.

குருவின் தாடை அசைவது நின்றது. "தட்டிப் பார்த்தீங்களா?"

"பாத்தேன்."

"எங்க?"

"ஆவணியில நான் தாண்டிப் போன எடம். இல்லைன்னு சொல்லிட்டுப் போன எடம்."

குரு தொன்னையைக் கீழே வைத்தார். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு நடந்தார். டீச்சர் பின்னாலேயே போனார். மூலை அலமாரியைத் திறந்தபோது உள்ளே அந்தச் சின்னப் பெட்டி. குரு அதன் பொத்தானை அணைத்தார்.

"இப்பக் கேட்டுப் பாருங்க."

டீச்சர் புதிதாகக் கேட்கத் தொடங்கினார். இந்தத் தடவை அவசரப்படவில்லை. இருவரும் இரண்டு நாற்காலியில் உட்கார்ந்து, இருட்டுகிற வரை கேட்டார்கள். செவ்வந்தி வாசம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

கூட்டிப் பார்த்தார். மலை இல்லை. ஈர்க்குச்சிகூட இல்லை.

"உப்பு" என்றார் டீச்சர்.

"உப்பு" என்றார் குரு.

"ஆவணியிலயும் இருந்துச்சா?"

"நீங்க இந்த மலைக்கு வந்த வாரத்துலேர்ந்து அங்கதான் இருக்கு."

டீச்சர் எழுந்து ஊஞ்சல் கொட்டகைக்கு நடந்தார். பலகையில் உட்கார்ந்தார். காலைத் தரையில் ஊன்றி, பின்னுக்குத் தள்ளிச் சாய்ந்து, அப்படியே இருந்தார். திடீரென்று குலுங்கினார். அழுகிறாரோ என்று குரு பதறிப்போய்க் கிட்டே வந்தார்.

டீச்சர் சிரித்துக்கொண்டிருந்தார். அதுவும் சும்மா சிரிப்பா, கண்ணில் தண்ணீர் வர, கயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"மேடம், உப்பு எம் மூக்குக்கு முன்னால நின்னு கத்தியிருக்கு. நான் ஓடுன ஓட்டத்துல 'யாருமில்ல'ன்னுட்டுப் போயிருக்கேன்!"

"இப்பக் கண்டுபிடிச்சிட்டீங்களே" என்றார் குரு. "விதிப்படி உப்பு கிடைச்சாச்சு. மிச்ச நீளத்தையும் முடிச்சுக் காட்டினா நீங்க மலையில இருக்கலாம். திருகை அங்க திருப்பி வெச்சுப் பூ கட்டினதைப் பத்தி நான் குழுகிட்ட வாயைத் திறக்க மாட்டேன்."

சிரிப்பு அடங்கியது. டீச்சர் முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"அது சரிப்படாது மேடம்."

"ஏன்?"

"ஆடியிலேர்ந்து நான் சொன்ன இல்லை எல்லாம் செல்லாத இல்லை. அதுல எங்கயாச்சும் நெசமான ஆக்ஸியானே நின்னிருக்கலாம். அதையும் தாண்டி வந்திருப்பேன். எனக்குப் பின்னால வாரவன் 'தனபாக்கியம் பாத்துட்டா, அங்க இல்லை'ன்னு அந்த எடத்தைத் திரும்பியும் பாக்க மாட்டான்." டீச்சர் கயிற்றை இறுகப் பிடித்தார். "குழுகிட்ட நானே போய்ச் சொல்லிருதேன். எறக்கிவிட்டா பெட்டியைத் தூக்கிட்டு எறங்கிருதேன். எங்க வீட்டுக்காரரு ரசமாச்சும் தப்பிக்கும்."

குரு ஒரு கூச்சல் போட்டார் பாருங்கள்! கொட்டகைக் கூரையில் தூங்கிய புறாவெல்லாம் எழுந்து பறந்தது. ஊஞ்சல் கயிற்றோடு சேர்த்து டீச்சரைக் கட்டிக்கொண்டார்.

"என்ன மேடம், என்ன?"

"விதிக்கு இன்னொரு பாதி இருக்கு டீச்சர்! தான் சொன்ன இல்லையைத் தானே திரும்ப வாங்கறவங்களை இறக்கக் கூடாது. அவங்க நீளத்தை மறுபடி முழுசாக் கொடுக்கணும், அவசரப்படுத்தாம. குழுவுல அந்த விதியைப் போட்டதே நான்தான்."

"பெறகு ஏன் சொல்லல?"

"முன்னாலயே சொன்னா எல்லாரும் திரும்ப வாங்குவாங்களே!"

டீச்சர் குருவையே பார்த்துக்கொண்டிருந்தார். "உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சும்மாவா சொன்னாங்க" என்றார். "படுபாவி மேடம் நீங்க."

குரு கீழே கிடந்த தொன்னையை எடுத்து, ஆறிப்போன சுண்டலை நீட்டினார். இருவரும் ஒரே தொன்னையில் தின்றார்கள். காய்ந்த மிளகாயைக் கடித்துவிட்டுக் குரு ஸ், ஸ் என்றார்.

"நாளைக்கு விஜயதசமி" என்றார் குரு, வாயை ஊதிக்கொண்டே. "பிள்ளைங்களெல்லாம் அரிசியில எழுத்து ஆரம்பிக்கும்."

"ஆமா."

"நீங்க எங்கேருந்து ஆரம்பிக்கப் போறீங்க டீச்சர்?"

டீச்சர் ஊஞ்சல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் பின்னுக்குச் சாய்ந்தார்.

தரையில் ஊன்றியிருந்த காலைத் தூக்கினார்.